சட்டம் போனது, பதிவேடு போகவில்லை

குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றிய பேச்சில் இரண்டு வாதங்கள் மோதும். எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வினை என்பது ஒன்று. சாதி ஏற்கெனவே வைத்திருந்த சந்தேகத்தைத்தான் அவன் சட்டமாக எழுதினான் என்பது மற்றொன்று.

இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. நாடோடியையும் காவல்காரனையும் நம்பாத ஊர்கள் 1871க்கு முன்பும் இருந்தன. ஆனால் ஊரின் வெறுப்பு ஊர் எல்லையோடு நின்றது. அடுத்த சீமைக்குப் போனவன் புதிதாகப் பிழைக்கலாம். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் அந்த வழியை அடைத்தது. பிறப்பாலேயே ஒருவன் பெயர் பதிவாகும். ஊரைவிட்டு நகர அனுமதிச் சீட்டு வேண்டும். 1897ஆம் ஆண்டுத் திருத்தம் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் இடம் கொடுத்தது. நம் பக்கத்தில் மக்கள் இச்சட்டத்தை ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் பிறமலைக் கள்ளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சந்தேகத்தை அரசு இயந்திரமாக்கியது காலனி ஆட்சியே. தோற்றத்தைப் பொறுத்தவரை முதல் வாதமே வலுவானது.

அந்த வாதம் 1952 ஆகஸ்ட் 31ஐத் தாண்டி நிற்காது. அன்று மத்திய அரசு சட்டத்தை நீக்கியது. ஆனால் சென்னை மாகாணம் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியிருந்தது. பிற மாநிலங்களும் அவ்வழி நடந்தன. சாதியின் பெயர் சட்டத்திலிருந்து மறைந்தது, கண்காணிப்பு மறையவில்லை.

டெல்லியைப் பாருங்கள். அங்கே காவல் நிலையங்கள் யாரைக் கண்காணிப்பது என்பதை 1934ஆம் ஆண்டின் பஞ்சாப் காவல் விதிகளைக் கொண்டே தீர்மானித்துவந்தன. சட்டமன்ற உறுப்பினர் அமானதுல்லா கான் தன்மீது காவல்துறை திறந்த கண்காணிப்புக் கோப்பான சரித்திரப் பதிவேட்டை எதிர்த்த வழக்கில், 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றப் பரம்பரைச் சட்டப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட சமூகத்தினரான சீர்மரபினர் சாதியின் காரணமாகவே இத்தகைய பதிவேடுகளில் சேர்க்கப்படுகிறார்கள் என்ற ஆய்வுகளை அது சுட்டிக்காட்டியது. சிறுவர்களின் பெயரைப் பதிவதற்குக் கட்டுப்பாடு வந்தது. நல்லதுதான். ஆனால் பதிவேடுகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு மூத்த காவல் அதிகாரியிடமே போனது. சந்தேகிக்கும் துறையே தன் சந்தேகத்தைச் சரிபார்க்கும் ஏற்பாட்டை நான் பாதி நீதி என்றே மதிப்பிடுகிறேன்.

அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் முன்னே போனது. சிறைக் கையேடுகளின் சாதிப் பாகுபாட்டு விதிகளை அது செல்லாதவை ஆக்கியது. சீர்மரபினரைப் பிறப்பால் வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் விதிகளும் அவற்றில் அடக்கம். ஆனால் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் தேவையா என்ற முடிவை மாநிலங்களிடமே விட்டது.

சட்டத்தோடு, அரசு ஒதுக்கிய பணத்தையும் எடைபோட வேண்டும். சீர்மரபினரும் நாடோடி மக்களும் சேர்ந்து 10 கோடிக்கு மேல் என்று, அவர்களின் நிலையை ஆராய்ந்த ரெங்கே ஆணையம் 2008இல் மதிப்பிட்டது. 2022இல் மத்திய அரசு அவர்களுக்கென அறிவித்த திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 200 கோடி ரூபாய். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துத் தலைக்கு 20 ரூபாய்கூட வராது.

ஆகவே என் தீர்ப்பு இது: குற்றத்தைப் பிறப்போடு கட்டியவர்கள் ஆங்கிலேயர், அந்தக் கட்டை 1952க்குப் பிறகும் அவிழ்க்காத பழி முழுவதும் நம்முடையது. அதை அவிழ்க்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றங்களிடம் இருக்கிறது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்ட தமிழ்நாட்டின் சட்டமன்றம் உட்பட.