இடையமும் ஆயுளும்: கூல்டின் கட்டுரை பற்றிய ஒரு நோக்கு

அளவைகள் பலவற்றுள்ளும் மக்கள் பெரிதும் நம்புவது சராசரியையே. ஒரு வகுப்பு மாணவரின் உயரத்தை அறிய அஃது உதவும். ஆயின், நோயுற்றோர் எத்துணைக் காலம் வாழ்வர் என்னும் வினாவுக்கு நடுவளவை ஒன்றையே விடையாகக் கொள்ளுதல் பெருந்தீங்கு விளைத்தல் கூடும். இவ்வுண்மையைத் தம் வாழ்வையே சான்றாக நிறுத்தி விளக்கியவர் அமெரிக்கத் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்ட். 'இடையம் செய்தியன்று' எனப் பொருள்படும் தலைப்புடன் அவர் எழுதிய கட்டுரை 'டிஸ்கவர்' இதழில் 1985 ஆம் ஆண்டு வெளியாயிற்று.

1982 ஆம் ஆண்டு, நாற்பது வயதினரான கூல்ட், வயிற்றறைச் சவ்விலே தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய்க்கு ஆளானார். மருத்துவ நூலகத்தில் அவர் கண்ட செய்தி, நோய் அறியப்பட்டபின் வாழுங் காலத்தின் இடையம் 8 மாதம் என்பது. பலர் இதனை, எட்டாம் மாதத்தில் இறப்பு என்றே கொள்வர். கூல்ட் அவ்வாறு கொண்டிலர். நோயாளருட் பாதிப்பேர் 8 மாதத்துக்கு மேலும் வாழ்ந்தனர் என்பதும் அதே எண்ணின் பொருளன்றோ? வாழுங் காலம் சுழியத்துக்குக் கீழே செல்லாது. ஆகவே பரம்பலின் இடப்புறம் 8 மாதத்துள் ஒடுங்க, வலப்புறமோ பல ஆண்டுகள் நீளலாம். அந்நீண்ட வாலிலே தமக்கு இடமுண்டு என்று கருத, இளமை, நோய் முற்றாமை, சிறந்த சிகிச்சை முதலிய காரணங்களை அவர் காட்டினார்.

வேறுபாடே மெய், நடுவளவை அதனின்று பிரித்தெடுத்த கருத்து மட்டுமே என்னும் இந்நோக்கு, கூர்ப்பியலாய்ந்த ஒருவருக்கு இயல்பாக வாய்த்தது. கட்டுரையின் தலையாய சிறப்பும் இதுவே.

எனினும், அதன் தலைப்பு இடையத்தின்மேற் பழி சுமத்துகின்றது. அப்பழி பொருந்துமா? எடுத்துக்காட்டாக, 9 நோயாளர் முறையே 2, 3, 4, 6, 8, 11, 15, 40, 100 மாதங்கள் வாழ்ந்தனர் எனக் கொள்க. இடையம் 8 மாதம். சராசரி 21 மாதம். அச்சராசரியைக் கடந்தோர் இருவரே. நெடுநாள் வாழ்ந்த இருவரின் காலம், ஏனையோர்க்கு இல்லாத ஆயுளை ஏட்டில் வழங்கிவிடுகின்றது. இறுதியானவர் இன்னும் உயிரோடிருப்பின், சராசரியைக் கணித்து முடிக்கவும் இயலாது; இடையமோ அசையாது நிற்கும். இவ்வாறு முற்றுப்பெறாத தரவுகளையும் கொண்டு வாழ்வோர் வீதத்தை மதிப்பிடும் முறையைக் கப்லனும் மையரும் 1958 இல் வகுத்தளித்தனர். எனவே சரிந்த பரம்பலிலே இடையம் நேர்மையான அளவை. குற்றம் அதனைத் தனித்து நிறுத்தி விதியெனப் படிப்போரிடத்தது.

மற்றொரு குறையும் உண்டு. இடப்புறத்துப் பாதியினரைப் பற்றிக் கட்டுரை மிகுதியாகப் பேசவில்லை. கூல்டுக்கு இருந்த சாதகங்கள் எல்லார்க்கும் இல்லை. முதியவரும், நோய் முற்றியவரும் நீண்ட வாலை மட்டும் நோக்குவராயின், எஞ்சிய நாள்களில் ஆற்றவேண்டிய கடமைகளை ஒத்திப்போட நேரிடும். பொய்யான அச்சத்தைப் போலவே பொய்யான ஆறுதலும் கேடு தருவது.

கூல்ட் 2002 மே மாதத்தில், வேறொரு புற்றுநோயால் மறைந்தார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளே அவர் வாதத்துக்குச் சான்று என்பாருளர். அஃது அவர் வாதத்தையே மறந்த கூற்றாகும். அவர் ஏழாம் மாதத்தில் இறந்திருப்பினும், பரம்பல் பற்றி அவர் கூறியது ஒருசிறிதும் பழுதுபடாது. ஒருவர் வாழ்வு எதனையும் மெய்ப்பிப்பதன்று.

ஆகவே மருத்துவர் நோயாளர்க்கு உரைக்கவேண்டியது ஓர் எண்ணன்று. காற்பங்கினர், பாதியினர், முக்காற்பங்கினர் எக்காலத்துள் இறந்தனர் என்னும் மூன்றினையும் கூறி, அவர் வயதும் நோய்நிலையும் அவரை எப்பகுதியிற் சேர்க்கும் என்பதையும் விளக்குதல் வேண்டும். அத்தெளிவை நாடுவோர்க்குக் கூல்டின் கட்டுரை, அதன் தலைப்பைப் பொருட்படுத்தாது கற்கத்தக்கது.