முள் இல்லாத காருக்கு ஒரு முள்

மாருதி 800-ல்கூட டெம்பரேச்சர் முள் இருந்தது. அதைவிடப் பல மடங்கு விலைக்கு இன்று விற்கும் பல கார்களில் அது இல்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவு மீறிச் சூடேறிவிட்டால் சிவப்பு விளக்கு. இடையில் என்ன நடக்கிறதென்று ஓட்டுபவருக்குத் தெரியாது. சிவப்பைப் பார்த்து ஓரங்கட்டுவதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விடக்கூடும். மெட்ரோ வேலையால் லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் வண்டிகள் ஊர்ந்து நகரும் சென்னையில் இது சின்னக் குறையல்ல.

இதற்குச் சில நூறு ரூபாயில் ஒரு வழி இருக்கிறது: காரின் கணினியிலிருந்து இன்ஜின் தகவல்களைப் படித்துப் போனுக்கு அனுப்பும், தீப்பெட்டி அளவிலான ஓபிடி அடாப்டர். பி.எஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 கட்டாயமாக்கப்பட்டதால், ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகி, புளூடூத்தில் போனோடு இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 'டார்க் ப்ரோ' செயலியைப் பயன்படுத்தினேன். ஐபோன்காரர்கள் வாங்கும்போதே தங்கள் போனுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண புளூடூத் அடாப்டர் அதில் வேலை செய்யாது. இந்த அடாப்டர்களுக்கு அடிப்படையான இ.எல்.எம்.327 சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் 2022-ல் மூடப்பட்டது. மலிவாகக் கிடைப்பவை அதன் நகல்கள். கூலன்ட் சூட்டைப் படிக்க நகலே போதும்.

காலையில் காமராஜர் சாலையில் போகும்போது செயலி காட்டிய கூலன்ட் சூடு 87, 88 டிகிரி செல்சியஸை விட்டு அசையவில்லை. தெர்மோஸ்டாட் ஒழுங்காகத் திறக்கிறது என்று அர்த்தம். மாலையில் ஏ.சி.யை அணைத்துவிட்டு லஸ் சிக்னலில் நின்றபோதுதான் விஷயமே. 93, 95, 96 என்று ஏறி, 97-ல் ரேடியேட்டர் ஃபேன் உறுமியது. மெல்ல இறங்கி 92-ல் ஃபேன் நின்றது. மறுபடி ஏறியது. இந்த ஏற்ற இறக்கம்தான் ஆரோக்கியமான கூலிங் சிஸ்டத்தின் அடையாளம். ஏ.சி. ஓடினால் ஃபேன் அதற்காகவே சுற்றும். ஃபேன் சுவிட்சோ சென்சாரோ கெட்டிருந்தாலும் வெளியே தெரியாது. அதனால் மாதம் ஒருமுறையாவது ஏ.சி. இல்லாமல் பார்த்துவிடுங்கள்.

எண் 100-ஐத் தொட்டதும் பதற வேண்டாம். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டும் கொதிநிலையை 120-க்கு மேலே கொண்டுபோய்விடும். வெறும் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டுபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும், உப்பும் உள்ளே படியும். செயலியில் 105-க்கு அலாரம் வைத்துக்கொண்டேன். அது அடித்தால் ஏ.சி.யை நிறுத்தி, சென்னையில் யாரும் தொடாத ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட வேண்டும். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். வியர்க்கும், ஆனால் ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே கூடாது. மேல் ஹோஸ் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும்.

குறைகள் இரண்டு. வண்டியை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் அடாப்டர் பேட்டரியை உறிஞ்சும், கழற்றிவிடுங்கள். இரண்டாவது பெரியது: ஹோஸ் வெடித்து கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டால், சென்சாரின் மேல் திரவமே இருக்காது. அப்போது அது காட்டும் எண் உண்மையான சூட்டைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த எண்ணை நம்பி ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

முள் இல்லாத கார் வைத்திருப்பவர்கள் கத்திரி வெயிலுக்கு முன்பே இந்த அடாப்டரை வாங்கிவிடலாம், காசுக்கு மேல் மதிப்பு. கூடவே, வாரம் ஒருநாள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, ரிசர்வாயரில் கூலன்ட் இரு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது.