பெட்டியில் அச்சிட்ட வேகம்

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியவற்றில் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. பதினைந்து வருஷத்தில் இடம் குறைந்திருக்கிறதே என்று முணுமுணுக்கலாம். ஆனாலும் அரசு எடுத்த முடிவு சரி.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். கேட்ட தகவல் படிக்கும் முள்ளுக்கு அடியில் வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். முள் நகரும் நேரம் தனி. விண்டோஸ் எழுந்து உட்காருவதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தேடல்கள் நடக்கின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கே ஒன்றுமில்லை. 4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினுக்கு முதலில் ராமைக் கூட்டு என்பவர்கள் உண்டு. கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் எஸ்.எஸ்.டி பக்கம். ராம் போதாமல் மெஷின் டிஸ்க்கை நாடும்போதுதான் திரை உறைகிறது. அந்த டிஸ்க் வேகமானால் பாதி வலி குறையும்.

எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால், கடையில் முதலில் காதில் விழுவது வேகம்: சாட்டா வகை எஸ்.எஸ்.டி என்றால் நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ வகை என்றால் 3,500, அதற்கு மேல் 7,000. இவையெல்லாம் ஒரே பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும்போது வரும் எண்கள். பிடிஎஃப், பிரவுசர், கோடிங் என்று நாள் கழிக்கும் மாணவருக்கு சாட்டாவுக்கும் என்விஎம்இ-க்கும் வித்தியாசம் கையில் தட்டுப்படுவதே அரிது. 7,000-க்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். பழைய ஸ்லாட்டில் அது பாதி வேகத்தில்தான் ஓடும். எம்.2 ஸ்லாட்டில் பொருந்திவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. சில ஸ்லாட்கள் சாட்டாவை மட்டுமே ஏற்கும். லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்துத் தேடிவிட்டுக் கிளம்புங்கள்.

கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் சிப் டிஎல்சி ரகமா, க்யூஎல்சி ரகமா என்பது. க்யூஎல்சி மலிவு, ஆயுள் கம்மி என்பார்கள். 500 ஜிபியில் டிஎல்சி ரகமான டபிள்யூடி ப்ளூ எஸ்என்580-க்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம். க்யூஎல்சி ரகமான க்ரூஷியல் பி3-க்கு 110. கேட்க பயமாக இருக்கும். ஆனால் தினம் 20 ஜிபி எழுதினாலும் 110 டெராபைட் தீர 15 வருஷம் ஆகும். அதற்குள் கீபோர்டு, பேட்டரி, கீல் எல்லாம் போயிருக்கும். ஆகவே ஆயுள் வாதம் செல்லாது. க்யூஎல்சியின் உண்மையான குறை வேறு. எஸ்.எஸ்.டி நிறைய நிறைய அதன் கேஷ் சுருங்கி, எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க்கைவிடவும் கீழே போகலாம். காலியாக இருக்கிற மாணவர் டிஸ்க்கை யார் பார்த்தது? கிங்ஸ்டன் என்வி2 போன்றவற்றில் உள்ளே எந்த ரகச் சிப் என்று கம்பெனியே உறுதி தருவதில்லை. ஒருவர் எழுதிய விமர்சனம் நம் கைக்கு வரும் பெட்டிக்குப் பொருந்தாது.

ஹார்ட் டிஸ்க்கோடு ஓடும் லேப்டாப்புக்கு என் தீர்ப்பு: 500 ஜிபி, டிஎல்சி, ஐந்து வருஷ வாரண்டி, சீரியல் எண் எழுதிய பில். 1 டிபி ஆசைக்குப் பெயர் தெரியாத பிராண்டு வேண்டாம். சிலவற்றில் கொள்ளளவே பொய். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மிச்சக் காசில் ஒரு யூஎஸ்பி கேஸிங் வாங்கி, கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதைப் பேக்கப்பாக்குங்கள். பேக்கப் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. சாகப்போகும் ஹார்ட் டிஸ்க் பல சமயம் டிக் டிக் என்று சொல்லிவிட்டுத்தான் சாகும். எஸ்.எஸ்.டி சத்தமில்லாமல் போகும், தவறி அழித்த ஃபைலும் அதில் பெரும்பாலும் மீளாது.

அரசு கொடுத்த புது மடிக்கணினியைத் திறக்கவே வேண்டாம். 256 ஜிபி என்பது விண்டோஸில் 238 என்றுதான் தெரியும். படிப்புக்குப் போதும், படங்களை வெளியே வையுங்கள். பழையதில் மாற்றுகிறவர்கள் க்ளோன் போடும் முன் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு ஓடுகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.