முன்பதிவுப் பரிசும் மூலபாடமும்

1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோர் டிசைன் நிறுவனத்தார் ஆக்கிய ‘டூம் ரெய்டர்’ என்னும் வீடியோ விளையாட்டு, 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதே பெயரோடு, கதையைத் தொடக்கத்திலிருந்தே புதிதாகப் புனைந்து வெளியிடப்பெற்றது. புதியதனை ஆக்கியோர் அமெரிக்காவின் கிறிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனத்தார். முன்னதில் தலைவி லாரா கிராப்ட் இரு கைத்துப்பாக்கிகள் ஏந்திய அஞ்சா நெஞ்சினள். பின்னதில் அவள் கலம் உடைந்து யமதாய்த் தீவில் ஒதுங்கிய, கையில் ஏதுமற்ற இளம்பெண்.

இவ்வின்மையே புத்தாக்கத்தின் உயிர்நிலை எனலாம். பிணத்தினின்று வில்லை எடுக்கின்றாள். பசி தீர மானை எய்கின்றாள். பொறுக்கிச் சேர்த்த உடைபொருள்களைக் கொண்டு தீக்குழியருகே கருவிகளைச் செப்பம் செய்கின்றாள். உடையும் வரவரக் கிழிந்து சேறு படிகின்றது. அச்சத்தில் தொடங்கிப் பெருமிதத்தில் முடியும் இந்நெறியை, ஆடுவோராகிய நாமும் அவளோடு நடந்தே உணர்கின்றோம். முதற்கொலையில் நடுங்கியவள் சிறிது பொழுதிற்குள் பலரைத் தயக்கமின்றி வீழ்த்துதல் இந்நெறிக்கு இழுக்கே. எனினும் நெறி முற்றும் சிதையவில்லை.

இனி, வெளியீட்டிற்கு முன்னரே விலை கொடுத்து வாங்கியோர்க்கு அளிக்கப்பெற்ற பரிசுகளை நோக்குவோம். அவை விற்போர்தோறும் வேறுபட்டன. அவற்றுள் மாற்றுடைகளும், ‘தொலைந்த வீரரின் கல்லறை’ எனப் பொருள்படும் பெயருடைய ஒரு புதிர்க்கல்லறையும் அடங்கும். மாற்றுடை, கரையொதுங்கியவளுக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாவிற்குக் கதையில் விடையில்லை. ஆதலின் அதனை இடைச்செருகல் என ஒதுக்குதலே தக்கது.

கல்லறையின் நிலை வேறு. ‘விரும்பினால் ஆடலாம், இன்றேல் விடலாம், ஆதலின் அது நூலுறுப்பு அன்று’ என்பாரும் உளர். அது பொருந்தாது. விளையாட்டினுள் எல்லார்க்கும் உரிய ஏழு கல்லறைகளும் அத்தகையனவே. அவற்றை நூலுறுப்பு அல்ல என்பார் யார்? எட்டாவதும் அதே தீவில், புதிரவிழ்த்துப் பரிசு பெறும் அதே முறையில் அமைந்தது. அகச்சான்று அதனை மூலத்தோடு சேர்க்கின்றது. வணிகமே அதனைப் பிரித்தது. 2014 சனவரியில் வெளிவந்த திருத்தப் பதிப்பு அதனை எல்லார்க்கும் வழங்கியமை நம் முடிபுக்கு அரண் செய்கின்றது.

ஒரே நாளில் வெளிவந்த ஒரு படைப்பு, வாங்கிய கடைக்கேற்ப வெவ்வேறு பாடமாக அமைந்தது. ஏட்டுப் பிரதிகளிற் பாடவேறுபாடு எழுதுவோர் பிழையாலும் காலக் கேட்டாலும் நேரும். இங்கோ அது விற்பனைக்கெனத் திட்டமிட்டுச் செய்யப்பெற்றது. அதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. திறனாய்வாளர் நிறைகுறை கூறுமுன்னரே விலை கொடுப்போர்க்கு நூலின் ஓர் உறுப்பைக் கூடுதலாக அளித்தல், ஆராய்ந்து வாங்குவோரைக் குறைநூல் உடையராக்குகின்றது. எனவே இத்தகைய படைப்புகளை ஆராய்வோர், தாம் ஆடிய பதிப்பு இன்னது என முதற்கண் கூறுதல் கடன்.