காற்றில் எழுதிய கலை

சிங்கப்பூர்த் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் ஏட்டில் ஏறிய கதையையும் கவிதையையும் எண்ணுவர். வானொலிப் பேச்சை எண்ணுவது அரிது. சிராங்கூன் சாலையிலும் கேட்கும் ‘ஒலி 96.8’ வளர்ப்பதும் தமிழே. ஆயின், ஒலித்து மறையும் சொல்லைத் திறனாயச் சான்று யாது? இவ்வினாவுக்கு நியூயார்க் நகரம் ஒரு விடை தருகின்றது.

ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா ஆகிய இருவரும் 1990 முதல் 1998 வரை கொலம்பியாப் பல்கலைக்கழக வானொலியில் ஹிப் ஹாப் நிகழ்ச்சி நடத்தினர். நேரமோ நள்ளிரவு கடந்து 1 மணி முதல் 5 மணி வரை. நாஸ், ஜே-ஸீ முதலியோர் தம் முதல் இசைத்தொகுப்பு வெளிவருமுன்னரே அங்குப் பாடினர். நின்ற நிலையில் சந்தம் தொடுக்கும் அக்கலை, ஆசுகவி மரபை அறிந்த தமிழர்க்கு அயலானதன்று.

2015இல் வெளிவந்த ஆவணப்படம் அவ்விருவரையும் மீண்டும் ஒருங்கு காட்டுகின்றது. நேயர்கள் ஒலிநாடாவில் பதிந்து காத்த பழங்குரல்களே அதன் உயிர். குறையும் உண்டு. படத்தை இயக்கியவர் கார்சியாவே. தம் கதையைத் தாமே சொல்லுமிடத்துப் புகழுரை மிகுகின்றது, மதிப்பீடு மெலிகின்றது. எனினும், அக்குறையைக் கண்டு கூறுவதற்கும் அந்நாடாக்களே துணை.

பதிவு இல்லையேல் பழைய அறிவிப்பாளர் கூடுவது நலம் உசாவுதலோடு முடியும். பதிவு இருப்பின் அது வரலாறாகும். சிங்கப்பூர் வானொலியின் நாடகமும் உரையும் வகுப்பறையில் பாடமாகும் நாளில்தான், செவிவழித் தமிழுக்கும் திறனாய்வு பிறக்கும்.