விலை பேச வந்தவர்கள்

ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதிராம்பட்டினத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், பாம்பன்’ என்று மழை அளவு வாசிக்கும்போது தவறாமல் வரும் பெயர். அந்த ஊரில் மழையும் அதை அளக்கிற ஒரு ஆபீசும் மட்டும்தான் இருக்கும் என்று சின்ன வயசில் நினைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் உப்பளம் இருக்கிறது, அலையாத்திக் காடு இருக்கிறது, கஜா புயலுக்குத் தப்பிய தென்னை கொஞ்சம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது.

2025 ஜூலை நடுவில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன். மறுநாள் 16-ம் தேதி. ஏமன் தலைநகர் சனாவில் நிமிஷா பிரியாவுக்கு மரண தண்டனை நிறைவேற்ற நாள் குறித்திருந்த தேதி. டீக்கடை டி.வி.யில் ‘இன்னும் சில மணி நேரமே’ என்று சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் மாதிரி. கொஞ்ச நேரத்தில் ‘தண்டனை தள்ளிவைப்பு’ என்று செய்தி மாறியது. கடையில் இருந்த எல்லோர் முகத்திலும் நிம்மதி. என் முகத்திலும்தான். அடுத்த செய்தி, கொலையுண்டவரின் சகோதரர் சமரசத்துக்குச் சம்மதிக்கவில்லை, எவ்வளவு பணம் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார் என்பது.

“எட்டரைக் கோடிய வேணாங்கிறான் பாருங்க. சரியான கல்நெஞ்சுக்காரன்” என்றார் ஒரு இளைஞர்.

பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர். ரியாத்தில் பத்தொன்பது வருஷம் டிரைவராக இருந்து திரும்பியவர். பாய் என்று கூப்பிட்டேன். “இங்க காக்கான்னு கூப்பிடுவாங்க தம்பி” என்று திருத்தினார். அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். “உங்க தம்பிய ஒருத்தர் கொன்னு, துண்டு போட்டு தண்ணித் தொட்டியில போட்டுட்டாங்கன்னு வைங்க. நீங்க எவ்வளவு கேப்பீங்க?”

எனக்குத் தம்பி இருக்கிறான். பதில் சொல்லவில்லை. அன்று காலையில்தான் நானும் போனில் ஒரு நண்பரிடம், ‘அந்த ஆளுக்கு இரக்கமே கிடையாதா?’ என்று அந்த சகோதரரைத் திட்டியிருந்தேன்.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நிமிஷா பிரியா பாலக்காடு மாவட்டம் கொல்லங்கோட்டுக்காரர். நர்ஸ். 2008-ல் ஏமனுக்கு வேலைக்குப் போனார். சொந்தமாக கிளினிக் வைக்க உள்ளூர்க்காரர் ஒருவரின் துணை வேண்டும். அப்படி வந்தவர் தலால் அப்தோ மஹ்தி. 2015-ல் கிளினிக் ஆரம்பமானது. அதற்குள் அங்கே உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. கணவரும் குழந்தையும் முன்பே ஊர் திரும்பிவிட்டார்கள். தலால் தன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார், போலிக் கல்யாணப் பத்திரம் தயாரித்தார், கொடுமைப்படுத்தினார் என்பது நிமிஷா தரப்பு. அத்தனையும் பொய் என்பது தலால் குடும்பத்தின் தரப்பு. பாஸ்போர்ட்டை மீட்க மயக்க மருந்து கொடுத்தேன், அளவு கூடிப்போய் இறந்துவிட்டார் என்றார் நிமிஷா. 2017-ல் தலாலின் உடல் துண்டு துண்டாகத் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. 2020-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அங்குள்ள உச்ச நீதி கவுன்சில் அதை உறுதி செய்தது.

அதற்குப் பிறகு இருந்த ஒரே கதவு ‘தியா’. கொலையுண்டவரின் வாரிசுகள் மன்னித்து, நஷ்ட ஈடு பெற்றுக்கொண்டால் தண்டனை விலகும். நம் பத்திரிகைகள் இதற்கு ‘ரத்தப் பணம்’ என்று பெயர் வைத்துவிட்டன. பத்து லட்சம் டாலர் தருவதாக நிமிஷாவுக்காக அமைந்த குழு சொன்னது. நம் ரூபாயில் ஏறக்குறைய எட்டரைக் கோடி.

இங்கேதான் நம் எதிர்வினை எனக்கு உறுத்துகிறது. ஒரு வாரம் டி.வி.க்களையும் பத்திரிகைகளையும் கவனித்தேன். ‘மீட்கப்படுவாரா?’, ‘மனம் இரங்குமா?’, ‘பேரம் படியுமா?’ இவைதான் தலைப்புகள். பேரம்! மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவது மாதிரி. தலாலுக்கு அம்மா அப்பா உண்டா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தது யார் என்று ஒரு வரி? நான் பார்த்தவற்றில் இல்லை. நம் கதையில் அவர் ஒரு பிணம், அவ்வளவுதான். அவருடைய சகோதரர் ஒரு தடை.

அந்த சகோதரர் பி.பி.சி.யிடம் பேசினார். கொலை மட்டுமல்ல, நீண்ட வழக்கும் எங்களை வதைத்தது, குற்றவாளியையே பாதிக்கப்பட்டவராக இந்திய ஊடகங்கள் காட்டுகின்றன என்றார். இரண்டாவதை மறுக்க முடியுமா நம்மால்? அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் போய் நம்மவர்கள் வசைமாரி பொழிந்தார்கள். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் கெட்ட வார்த்தை! காந்தபுரம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியார் ஏமன் மார்க்க அறிஞர்கள் வழியாகக் காதும் காதும் வைத்த மாதிரி பேசிக்கொண்டிருக்கிறார். இங்கே அதற்குள் யாரால் தண்டனை நின்றது என்று பங்குச் சண்டை. தண்டனையே ரத்து என்றுகூட ஜூலை கடைசியில் செய்தி விட்டார்கள். வெளியுறவு அமைச்சகம் மறுக்க வேண்டி வந்தது.

தப்பாக நினைக்காதீர்கள். எனக்குத் தூக்குத் தண்டனையில் நம்பிக்கை கிடையாது. சனாவில் ஆனாலும் சரி, திஹாரில் ஆனாலும் சரி. நிமிஷா சாகக்கூடாது என்றுதான் நான் விரும்புகிறேன். வீட்டு வேலை செய்து பிழைத்த அவருடைய அம்மா, 2024-ல் போர் நடக்கிற ஒரு நாட்டுக்குப் போய் ஜெயிலில் மகளைப் பார்த்ததைப் படித்தபோது தொண்டை அடைத்தது. போர் நாட்டில், தெரியாத பாஷையில், நம் தூதரகமே இயங்காத ஊரில் நடந்த விசாரணை எவ்வளவு நியாயமாக இருந்திருக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் ‘தண்டனை கூடாது’ என்று சொல்வது வேறு. ‘பணம் தருகிறோம், வாங்கிக்கொண்டு ஒதுங்காமல் என்ன அடம்?’ என்பது வேறு. முதலாவதை நாம் ஏமன் அரசிடம் சொல்ல வேண்டும். இரண்டாவதை ஒரு துக்க வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.

இந்தப் பண ஏற்பாடே காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு சாரார். அப்படியா? நம் சட்டத்திலும் பேரம் உண்டு. 2006-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ‘பிளீ பார்கெய்னிங்’ நுழைந்தது. இப்போது 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுத்து, தண்டனையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கிடையாது. கொலைக்குக் கிடையவே கிடையாது. கொலை என்பது அரசுக்கு எதிரான குற்றம். செத்தவனின் குடும்பம் மன்னித்தாலும் கேஸ் நடக்கும், மன்னிக்காவிட்டாலும் விடுதலை ஆகலாம். இங்கே செத்தவன் வீட்டாரை யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்கிறார்கள். கேட்டால் ‘முடியாது’ என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்பதைத்தான் நாம் மறந்துபோனோம்.

அதற்காக தியாதான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. கோழிக்கோட்டுக்காரர் அப்துல் ரஹீம் 2006-ல் ரியாத்தில் ஒரு வீட்டில் டிரைவர் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில், அவர் பார்த்துக்கொண்டிருந்த மாற்றுத்திறனாளிச் சிறுவன் இறந்துபோனான். காரில் போகும்போது கை பட்டு, உயிர் காக்கும் குழாய் விலகிவிட்டது. மரண தண்டனை. குடும்பம் கடைசியில் ஒன்றரைக் கோடி ரியாலுக்குச் சம்மதித்தது. 34 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் கேரளம் அதைச் சேர்த்தே விட்டது. ஜூலையில் மரண தண்டனை ரத்து. 2025 மே மாதம் இருபது வருஷச் சிறை என்று தீர்ப்பு, ஏற்கெனவே உள்ளே இருந்த காலமும் அதில் கணக்கு.

அதே 2025 பிப்ரவரியில் அபுதாபியில் ஷஹ்சாதி கான் என்ற பெண்ணுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. உத்தரப்பிரதேசம் பாந்தா மாவட்டத்து ஏழைப் பெண். பார்த்துக்கொண்ட நான்கு மாதக் குழந்தையைக் கொன்றதாக வழக்கு. அவருக்காக இப்படி ஊர் கூடவில்லை. தண்டனை நிறைவேறிவிட்டது என்பதே வீட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊர் கூடினால் உயிர், கூடாவிட்டால் இல்லை என்றால் அது என்ன நீதி? நிமிஷா விஷயத்தில் பேச்சு தொடங்குவதற்கே நாற்பதாயிரம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரத்தை மறுத்தவர்களை நாம் எப்போதும் இப்படித்தான் திட்டினோமா? அதிராம்பட்டினத்தில் ரயில் ஏறினால் திருவாரூர். மனுநீதிச் சோழன் ஊர். தேரேற்றிக் கன்றைக் கொன்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு இடத்தைப் பள்ளிக்கூடத்தில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பெரியபுராணத்தில் மந்திரிகள் ராஜாவிடம் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் சாஸ்திரத்தில் பரிகாரம் உண்டு, செய்துவிட்டால் போதும் என்று. அசல் சமரசத் திட்டம்! ராஜா ஒப்புக்கொள்ளவில்லை. பரிகாரம் செய்தால் பசுவின் துயரம் தீருமா என்பது அவன் கேள்வி. அவனுக்கு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையே வைத்திருக்கிறோம். கடைசியில் சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். அந்த வசதி மற்ற கோர்ட்டுகளுக்கு இல்லை.

அந்தச் சிலை நிற்கிற அதே உயர் நீதிமன்றத்திலிருந்துதான் இந்த டெல்டாவுக்கு இன்னொரு தீர்ப்பும் வந்தது. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டு, செங்கொடியை இறக்க மறுத்த விவசாயத் தொழிலாளர்கள். ராமய்யாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். தலித்துகள். 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்குப் பத்து வருஷம் கொடுத்தது. 1973-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலன் உள்ள கனவான்கள், அதில் ஒருவர் கார் வேறு வைத்திருப்பவர், ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற தோரணையில் அந்தத் தீர்ப்பு பேசியது.

அப்போது நாடு கொதித்ததா? இடதுசாரிகளும் மைதிலி சிவராமன் போன்றவர்களும் தொடர்ந்து எழுதினார்கள், பேசினார்கள். மற்றவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். 1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். டெல்டாவில் அந்தச் செய்தியைப் பழி தீர்ந்ததாகச் சொன்னவர்கள் நிறைய. இளம் வயதில் ஒரு கூட்டத்தில் அதைப் பேச்சாளர் வர்ணித்தபோது நானும் கை தட்டியிருக்கிறேன். பலமாகவே தட்டினேன்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ஏமனில் ஒரு மனிதரைப் பார்த்துக் ‘கல்நெஞ்சுக்காரன்’ என்கிறேன். அவர் அரிவாள் எடுக்கவில்லை. எட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, கோர்ட் கொடுத்த தீர்ப்பைக் கேட்கிறார். அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பது என் கட்சி. அதை அவரிடம் சொல்லும் யோக்கியதை எனக்கு வர வேண்டுமென்றால், முதலில் தலாலின் பெயரைத் தப்பில்லாமல் சொல்லவாவது தெரிந்திருக்க வேண்டும். அன்று காலை போனில் பேசிய நண்பரும் நானும் கடைசிவரை ‘அந்த ஆள்’, ‘செத்தவன்’ என்றேதான் பேசினோம்.

டீக்கடைக்கு வருகிறேன். இளைஞர் எழுந்து போய்விட்டார். காக்காவிடம், ரஹீம் நிதிக்குப் பணம் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

“குடுத்தேன். மகன் போன்ல ஆப்பு வழியா ஆயிரம் ரூவா அனுப்புனான். நானும் டிரைவர்தானே தம்பி, அவங்க வீட்டுப் புள்ளய ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டு எத்தன நாள் ஓட்டிருப்பேன். என் கை எங்கயாவது பட்டிருந்தா?”

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ளயோட உம்மா பதினெட்டு வருஷமா அழுதிருப்பா. பணத்த வாங்கிக்கிட்டான்னு அவளயும் பேசுவாங்க. இவன் வாங்கலன்னு இவனயும் பேசுறாங்க. நீங்க பத்திரிகைக்கு எழுதுறவங்கதானே, அவங்க என்ன செஞ்சா நாம பேசாம இருப்போம்?”