வயிற்றுப் பக்கத்து வண்ணம்

ராகலையைச் சுற்றி ஓடைக்குப் பஞ்சமில்லை. கந்தப்பளைப் பக்கம் ஏறினாலும் ஹல்கரனோயாப் பக்கம் இறங்கினாலும் தேயிலைக்கு நடுவே எங்காவது தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே வரும். மூங்கில் கம்பு, கொஞ்சம் தங்கூசி, ஒரு முள், கரையில் தோண்டிய மண்புழு. லயத்துப் பிள்ளைகளின் மீன்பிடி இவ்வளவுதான். புழுவை விட்டுவிட்டு இறகாலும் நூலாலும் மரத்துண்டாலும் பொய் இரை செய்து மீனை நம்பவைப்பது இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்த கலை. நெடுங்காலம் அது துரைமாரின் பொழுதுபோக்காகவே இருந்தது. இப்போது எங்கள் இளைஞர்கள் சிலர் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். முள்முருக்குக் கட்டையைச் செதுக்கி, எனாமல் பூசி, செதில் செதிலாகக் கோடு போட்டு அவர்கள் கொண்டுவந்து காட்டும்போது பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமையோடுதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். உழைப்பெல்லாம் முதுகில் இருக்கிறது. வயிறு வெறுமையாகக் கிடக்கிறது.

மீன் பெரும்பாலும் கீழிருந்தே பார்க்கிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், மேலே பார்க்கும் மீனுக்கு வானமும் கரையும் மரங்களும் ஏறத்தாழ 97 பாகை விரிந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்புறம் ஓடையின் தரையையே திருப்பிக் காட்டும். வட்டத்துக்குள் வரும் இரை, வெளிச்சத்துக்கு எதிரே தெரியும் ஒரு கரிய உருவம். வட்டத்துக்கு வெளியே மிதக்கும் பூச்சியென்றால், அதன் கால்கள் நீரில் அழுத்திய குழிகள் மட்டுமே மீனுக்கு முதலில் தெரியும். முதுகில் நாம் போட்ட செதில்களை மீன் காணும் நேரம் மிகக் குறைவு. உலகத்தின் பொய் இரை மரபுகளை இந்த ஒரு செய்தியை வைத்தே பிரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். சில மரபுகள் மனிதக் கண்ணுக்காகச் செய்தன. சில, மீனின் கண்ணுக்காகச் செய்தன.

மரபு மிகப் பழையது. கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஏலியன் என்ற ரோம எழுத்தாளர், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் கழுத்திறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு பொய்ப்பூச்சிகளுக்குச் செய்முறை சொல்கிறது. அங்கிருந்து நேராக 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தெளிந்த சுண்ணாம்பு ஆறுகளுக்கு வந்துவிடலாம். ஃபிரடெரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் மிதக்கும் பூச்சிகளைப் பற்றித் தம் முதல் புத்தகத்தை எழுதினார். அவருடைய அளவுகோல் கறாரானது. ஆற்றின் மேல் பறக்கும் பூச்சியின் நிறத்தை அப்படியே ஒத்திருக்க வேண்டும், மிதக்க வேண்டும், மீன் எழும் இடத்துக்கு மேலே விழ வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் 33 வகைகளாகச் சுருக்கி முடித்தார். நிறத்தில் அவருக்கு இருந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் அது பூச்சியைக் கையில் வைத்துப் பார்த்தவரின் அக்கறை. ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் 1910இல் வேறு வழி காட்டினார். மீன் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கு அடியில்தான் உண்கிறது, இறக்கை முளைக்காத இளம் பூச்சியைக் கட்டுங்கள் என்றார். அந்த ஆறுகளின் கனவான்கள் அதை நெடுநாள் ஏற்கவில்லை.

அந்த வழியை முழுமையாக்கியவர் கனவான் அல்லர். ஃபிராங்க் சாயர், ஏவன் ஆற்றைக் காவல் காத்துச் சம்பளம் வாங்கியவர். புல் வெட்டுவதும் சேறு அள்ளுவதும் அவருடைய வேலை. ஆற்றிலேயே நின்றதால் இளம் பூச்சிகள் எப்படி நீந்துகின்றன என்பதைக் கண்ணாரக் கண்டார். அவர் கட்டிய பூச்சிக்கு இரண்டே பொருள்: பெசன்ட் சேவலின் வாலிறகு இழைகள், மயிரிழை போன்ற செம்புக் கம்பி. நூலே கிடையாது. கம்பியே கட்டு, கம்பியே பாரம், கம்பியே மினுக்கம். கால்களைக்கூட அவர் வைக்கவில்லை; நீந்தும்போது அந்தப் பூச்சி கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்வதைப் பார்த்திருந்தார். 1958இல் அவர் எழுதிய புத்தகம் வெளியானது. இன்றும் ட்ரவுட் மீன் இருக்கும் நாடுகளிலெல்லாம் அந்தப் பூச்சியைக் கட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் ஒரே ஒரு வெளிநாட்டுப் பூச்சியைக் கற்பதென்றால் இதையே கற்கட்டும் என்பேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்தால் கம்பி கிடைக்கும். இறகு நம் வீட்டுச் சேவலிடமே இருக்கிறது.

சால்மன் மீனுக்குப் பூச்சி கட்டும் மரபு இதற்கு நேர் எதிர்த் திசை. ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட புத்தகத்தில் வரும் பூச்சிகள், பல நாட்டுப் பறவைகளின் இறகுகளைச் சேர்த்துக் கட்டிய நகைகள். எந்தப் பூச்சியையும் அவை ஒத்திருக்கவில்லை. அவற்றின் பக்கவாட்டில் கண்ணாக வைத்தது நீலகிரி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகு. மெழுகுத்துளி உறைந்ததுபோன்ற வெண்மஞ்சள் புள்ளி அதில் இயற்கையாகவே உண்டு. அந்தப் புள்ளிக்காக எத்தனையோ பறவைகள் கொல்லப்பட்டன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. நம் நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழியைத் தொடவும் நமக்கு உரிமையில்லை. இந்த மரபில் நான் தலைவணங்கும் ஒருவர் உண்டு. ஸ்கொட்லாந்தின் புரோரா ஊருக்கு அருகே ஒரு சிறு வீட்டில் வாழ்நாளெல்லாம் பூச்சி கட்டிய மேகன் பாய்ட். 2001இல் காலமானார். உலகமே தேடி வந்து வாங்கிய பூச்சிகளைக் கட்டிய அவர், மீன் பிடித்தவர் அல்லர். நூலின் ஒவ்வொரு சுற்றும் ஒரே இறுக்கத்தில் விழ வேண்டும் என்பதே அவருடைய அளவுகோல். நாள் முழுக்கக் கொழுந்தெடுக்கும் நம் பெண்களின் விரல்களுக்கு அந்த இறுக்கம் எளிதில் கைவரும். பூச்சி கட்டும் வகுப்பு தொடங்கினால் பையன்களை மட்டும் அழைக்காதீர்கள்.

தென்னிந்தியாவுக்கும் இதில் இடமுண்டு. மதராஸ் சிவில் சேவையில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட தூண்டில் நூல், மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மகாசீர் மீனுக்கு உலோகக் கரண்டி இரை எப்படிப் பயன்படும் என்று விரிவாகப் பேசுகிறது. கரண்டிக்கு வண்ணம் இரண்டாம் பட்சம். சுழலும்போது விட்டுவிட்டு மின்னுவதைக் கண்டே மீன் பாய்கிறது. ஜப்பானில் கணவாய்க்கென்று மரத்தில் செதுக்கித் துணி ஒட்டிய இறால் இரைகள் தனி மரபாக வளர்ந்தன. அது கடற்கரைக்காரர் எழுத வேண்டிய கதை.

மரத்தில் மீன் செதுக்கும் நம் இளைஞர்கள் அறிந்தோ அறியாமலோ பின்பற்றுவது பின்லாந்துக்காரர் லௌரி ரபாலாவை. அவர் ஏழை மீனவர். ஏரியில் பெரிய மீன்கள், கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் ஒரு சிறு மீனை மட்டும் தேர்ந்து பிடிப்பதைக் கவனித்தார். 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கினார். மேலே ஒட்ட சொக்லெட் சுற்றிய வெள்ளித்தாள். பூச்சுக்கு வார்னிஷ் வாங்க வழியில்லாமல் பழைய புகைப்பட நெகடிவ்களை உருக்கிப் பூசினார். இல்லாமையிலிருந்து பிறந்த இந்தச் செய்முறையின் உயிர் வண்ணத்தில் இல்லை, தள்ளாட்டத்தில் இருக்கிறது. பாரம் எங்கே விழுகிறது, முகத்தில் செருகிய உதட்டுத் தகடு என்ன கோணம் என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்த நடையைத் தரும்.

நம் இளைஞர்களின் இரைகள் சறுக்குவது இங்கேதான். பாரத்தை வயிற்றின் அடிமட்டத்தில் வைக்காவிட்டால் இரை மல்லாந்துவிடும். வாலுக்கு அருகே போனால் தள்ளாட்டம் செத்துவிடும். வண்ணம் பூசுவதற்கு முன்பே, வெறும் கட்டையாக இருக்கும்போதே, முள்ளையும் மாட்டி ஒரு வாளித் தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பீலித் தொட்டியில் இழுத்துப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஓடினால் மூக்கிலுள்ள கம்பி வளையத்தை வலப்பக்கம் மயிரளவு வளைத்தால் நேராகும். நேராக ஓடாத கட்டைக்கு வண்ணம் பூசுவதில் பயனில்லை.

வண்ணத்துக்கு வருவோம். கட்டையின் நார் நீரைக் குடிக்காதபடி முதலில் மெல்லிய வார்னிஷில் முக்கிக் காயவிட வேண்டும். அதன் மேல் வெள்ளை. வெள்ளை அடித்தளம் இல்லாமல் பூசிய மஞ்சள் ஈரத்தில் மங்கிவிடும். முதுகு கடும்பச்சையோ பழுப்போ போதும். பக்கவாட்டில் அது கரைந்து வர வேண்டும். வயிறு வெளிறியிருக்க வேண்டும். உயிருள்ள மீனுக்கு இயற்கை கொடுத்த ஒழுங்கு இது. தொண்டைக்குக் கீழே ஒரு துளி சிவப்பு வைத்தால் அது தரையோரம் கிடக்கும் மீனின் கண்ணுக்கு நேராகத் தெரியும். கண்ணைத் தூரிகையால் வரையாதீர்கள். ஆணித் தலையை மஞ்சளில் தொட்டு ஒற்றி, காய்ந்தபின் சிறிய ஆணியால் கறுப்பு ஒற்றினால் வட்டம் பிசகாது. மேல்பூச்சுக்கு நிறமில்லாத கியூடெக்ஸ் சிறு பூச்சிகளின் தலைக்குப் போதும்; கட்டைக்கு எபொக்சி வேண்டும், அதுவும் காயும்வரை கட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் ஒரு பக்கம் வழியாது.

நிறத்துக்கு எங்கள் பக்கத்துப் பருவமே ஆசிரியர். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, உடப்புசல்லாவைத் தேயிலைக்கு நல்ல விலை தேடித்தரும் வறண்ட காற்றின் மாதங்களில், ஓடை மெலிந்து கல்லெல்லாம் தெரியும். அப்போது சிறியதாக, மங்கலாக, அடக்கமாகக் கட்ட வேண்டும். வடகீழ்ப் பருவ மழையில் ஓடை தேநீர் நிறத்தில் ஓடும்போது கறுப்பும் செம்மஞ்சளும்தான் தெரியும். அளவும் ஒரு படி பெரிதாகலாம்.

ட்ரவுட் இங்கே வந்த கதையும் அறிய வேண்டியது. 1880களில் பிரவுன் ட்ரவுட் முட்டைகள் கடல் கடந்து நுவரெலியாவுக்கு வந்தன. அந்த மீன் இங்கே தானாகப் பெருகவில்லை. பின்னால் வந்த ரெயின்போ ட்ரவுட்தான் ஹோர்டன் சமவெளியின் குளிர்ந்த நீரில் முட்டையிட்டு நிலைத்தது. 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தோன்றியது. இங்கிலாந்து ஆற்றுக்குக் கட்டிய பூச்சிகளைத் துரைமார் நம் ஓடைகளில் எறிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வலை தூக்கிப்போன தொழிலாளிக்கு எந்தக் கல் மறைவில் மீன் நிற்கும், எந்த மழைக்குப் பின் மேலே வரும் என்று தெரிந்திருக்கும். அந்த அறிவை யாரும் எழுதி வைத்து நான் படித்ததில்லை. இந்தக் கலைக்கு எங்கள் மலையில் ஒரு தனி வழி உருவாக வேண்டுமென்றால் அந்த அறிவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓடைக் கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் இளம் பூச்சியைப் பாருங்கள். கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் பச்சைப்புழுவைக் கொழுந்தெடுப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். கரையோரச் செடியிலிருந்து அது நீரில் விழுந்தால் மீனுக்கு விருந்து. பச்சைக் கம்பளி நூலைச் சுற்றி, செவலைச் சேவலின் இறகை அதன்மேல் சுருளாக ஓட்டினால் அந்தப் புழு வந்துவிடும். மழை ஓய்ந்த மாலையில் எழும் ஈசலுக்கு இரண்டு வெளிறிய இறகு நுனிகள் போதும்.

இறகுக்கும் அளவுகோல் உண்டு. மிதக்கும் பூச்சிக்கு வயதான நாட்டுச் சேவலின் கழுத்திறகு வேண்டும். அதன் இழைகள் விறைப்பானவை, நீரைக் குடிக்காதவை. மூழ்கும் பூச்சிக்குப் பெட்டைக் கோழியின் மென்மையான இறகு. கோயில் காரியத்துக்கு அறுத்த சேவலின் கழுத்துத் தோலை வீசிவிடாமல் உப்புத் தடவி நிழலில் உலர்த்தினால் ஒரு வருடத்துக்கு இறகு இருக்கும். மயில் தானாக உதிர்த்த தோகையின் இழை, எல்லா நாட்டுப் பூச்சி கட்டுவோரும் விரும்பும் உடல். அதன் பச்சை மினுக்கத்துக்குச் செயற்கையில் ஈடு நான் பார்க்கவில்லை.

ஒரு பொருளை மட்டும் கண்டிப்பாக விலக்கச் சொல்வேன். ஈயம். பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டிய ஈயத்தாள் எங்காவது கிடைத்தால் வளைக்க இலகு, பாரத்துக்கும் வாய்ப்பு என்று கை போகும். மேட்டு லயத்துக்கு மேலே நாம் தொலைக்கும் ஈயம் பணிய லயத்தின் குடிநீரில் கிடக்கும். அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் பிரித்தானியா 1987இலேயே தூண்டில் ஈயத்துக்குத் தடை போட்டது. நமக்குச் செம்புக் கம்பியும் சிறு பித்தளை ஆணிகளும் போதும். முள்ளின் எதிர்க்கொக்கியையும் இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். குஞ்சு மீனைக் காயமின்றித் திருப்பி விட அதுவே வழி. தோட்டத்தின் அனுமதியும் சட்டத்தின் அனுமதியும் இல்லாத நீரில் இரையைச் சோதிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வரும் விடுமுறையில் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கும் எண்ணம் இருப்பதாக அறிகிறேன். இரைகளை மேசையில் பரப்பி மேலிருந்து பார்த்து மார்க் போடும் முறை வேண்டாம். ஒரு கண்ணாடித் தொட்டியை மேசைகளுக்கு நடுவே உயர்த்தி வைத்து, நடுவர்கள் அடியில் குனிந்து மேலே பார்க்கட்டும். முதலில் மிதப்பு, பிறகு நடை, பிறகு கட்டின் இறுக்கம், கடைசியில் வண்ணம். ஒவ்வோர் இரையோடும் அதைச் செய்தவர் கைப்பட எழுதிய ஒரு துண்டு இருக்க வேண்டும்: எந்த ஓடைக்கு, எந்த மாதத்துக்கு, எந்தப் பூச்சியை அல்லது எந்தக் குஞ்சைப் பார்த்துச் செய்தது என்று. துண்டு இல்லாத இரையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், போட்டிக்கு எடுக்க வேண்டாம்.